நாற்பத்திரண்டாவது துண்டு

அரசு பாலிடெக்னிக்குகளின் தேசியச் சங்கம் ஆண்டுக்கூட்டத்தைத் தொடங்குவது இப்படித்தான்: ஒவ்வொரு கல்லூரி முதல்வரும் தம் பட்டறையில் அரத்தால் ராவிய உள்ளங்கையளவு இரும்புத் துண்டை மேசைமேல் வைத்து, பக்கத்தவர் துண்டோடு பொருத்துவார். இந்த ஆண்டு வந்திருந்த முதல்வர்கள் நாற்பத்தொரு பேர். துண்டுகள் நாற்பத்திரண்டு. செயலாளர் கோமளவல்லி மூன்று முறை எண்ணினார். பிறகு இரண்டிரண்டாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். எல்லாப் பொருத்தங்களிலும் மயிரிழை வெளிச்சம் கசிந்தது. ஒரு துண்டு மட்டும் எதோடு சேர்த்தாலும் வெளிச்சத்தை விடவில்லை. சங்கம் போன ஆண்டு ஓட்டெடுத்து மூடச் சொன்ன கல்லூரியின் முத்திரை அதில் இருந்தது. "அங்க பட்டறையப் பூட்டி சீல் வெச்சாச்சே. சாவி நம்ம பீரோவுலதான இருக்கு," என்றார் கோமளவல்லி. இப்படி ராவ மாதக்கணக்கில் அரம் பிடித்திருக்க வேண்டும். உள்ளங்கை காய்த்திருக்கும். "எல்லாரும் கைய மேசைமேல வைங்க சார், மல்லாத்தி." கையெழுத்துப் போட்டே மெத்தென்று ஆகிவிட்ட கைகள் ஒவ்வொன்றாக வந்தன. கோமளவல்லி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் சங்கத் தலைவர் தேவசகாயத்தின் முன்னால் நின்றார். மூடும் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியவர் அவர்தான். "சார், நீங்களும்." தேவசகாயம் மேசைக்கு அடியிலிருந்து கைகளை எடுக்கவில்லை. "போன வருசந்தான் தூக்கிக் காட்டினேனேம்மா," என்றார்.