ஒட்டி வந்த ஐஸ் லாரி

"ஏத்தா, வண்டியை நிறுத்து! அவனை இங்கனயே மறிச்சுப்புடறேன்!"

பாம்பன் பாலத்தின் மேல், மகளின் ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து கத்தினார் குருநாதன்.

"பாலத்து மேல நிறுத்தக் கூடாதுய்யா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம இருங்க," என்றாள் அமுதவள்ளி.

வலது பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கத்தில் ஐஸ் கட்டி ஏற்றிய லாரி ஒன்று. பாலம் ஏறியதிலிருந்து முந்திப் போகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. பாம், பாம் என்று ஆரன் வேறு!

குருநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சொந்த ஊரான சிக்கல் கிராமத்தில் குடிதண்ணீருக்காக முப்பது வருஷமாக மறியல் செய்கிறவர். அதிகாரிகளை ஜீப்பிலிருந்து இறக்கி நடுரோட்டில் பதில் சொல்ல வைத்தவர். ஹெல்மெட் சட்டத்தை எதிர்த்துத் துண்டறிக்கை அடித்தவர். அந்தத் தலையிலேயே இன்றைக்கு மகள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டிருந்தாள்.

அமுதவள்ளிக்குப் பாம்பனில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குச் சேர வேண்டும். உச்சிப்புளியில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் பாலம் தாண்ட வேண்டும். காலை நேரத்துக்கு பஸ் தோதுப்படவில்லை, ஸ்கூட்டர்தான்.

"ஒருதரம் நானும் கூட வந்து பாக்குறேன். சரிப்படலேன்னா வேலை வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தார். பஸ்ஸில் தவிர வேறு எதிலும் அவர் பாலம் தாண்டியதில்லை.

"பாத்தியா திமிரை! பெரிய வண்டி வச்சிருந்தா ரெண்டு சக்கரம்னா இளக்காரம்! நீ என்னத்துக்கு ஓரத்துல ஒடுங்கிப் போறே? முறுக்கு! முன்னால போய்க் குறுக்க விடு!"

"அவருக்குச் சமமா நானும் கோவப்பட்டா, நாம ரெண்டு பேரும் கடல்லதான் கிடக்கணும். அவரைப் போகவிட்டுருவோம்."

முப்பதில் இருந்த ஸ்பீடு முள்ளை இருபதுக்கு இறக்கினாள். லாரியின் வால் அவர்களைத் தாண்டியது.

அவ்வளவுதான். ஸ்கூட்டர் சடாரென்று இடது பக்கம் சாய்ந்து கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடியது. அமுதவள்ளி பிரேக்கைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல நிமிர்த்தினாள்.

"ஒரசிட்டான்! ஒரசிட்டாம்லே!" அலறினார் குருநாதன்.

லாரியும் வேகத்தைக் குறைத்தது. மறுபடியும் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. மறுபடியும் ஆரன்!

எதிரே ஒரு கார். லாரி பாதி ரோட்டை அடைத்து வருவதைப் பார்த்து நின்றுவிட்டது.

"நடுரோட்டுல என்னய்யா ஊர்கோலம்?" காரிலிருந்தவர் தலையை நீட்டித் திட்டினார். லாரி விளக்கை விட்டுவிட்டுப் போட்டது. வேகத்தைக் கூட்டவில்லை, இந்தப் பக்கத்தை விட்டு ஒதுங்கவும் இல்லை.

"எதிர வர்றவனுக்கும் வழிவிட மாட்டேங்கிறானே, பொறுக்கிப் பய!"

"அவரைப் பாக்காதீங்கய்யா. நேரா பாருங்க."

அவள் வலது பக்கம் திரும்பவே இல்லை. பதிலுக்கு ஆரன் அடிக்கவில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டி, சீராக முப்பதில் போனாள்.

அந்தப் பொறுமைதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குப் பொறந்துட்டு இப்பிடிப் பயந்து சாகுறியே!"

"பயந்துதான்யா ஓட்டுறேன். வீடு போய்ச் சேரணும்ல?"

"போதும்த்தா. வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அந்தக் கரையில வண்டியைத் திருப்பு. ஊருக்குப் போவோம்."

அமுதவள்ளி இரண்டு வருஷம் படித்து, ஒரு வருஷம் காத்துக்கிடந்து வாங்கிய வேலை அது.

பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தினாள். லாரியும் பக்கத்திலேயே நின்றது. ஸ்டாண்டு போடும் முன்பே குதித்து இறங்கிய குருநாதன், லாரியின் இடது கதவில் ஓங்கி அறைந்தார்.

"ஏலே! எறங்குலே கீழ!"

"காத்துல ஒண்ணும் கேக்கலைண்ணே! இந்தப் பக்கம் வாங்க!" என்றது உள்ளே இருந்து ஒரு குரல்.

"வாரேன்டா! வந்து சொல்றேன் உனக்கு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரியின் முன்பக்கமாகச் சுற்றி, டிரைவர் இருந்த வலது பக்கத்துக்குப் பாய்ந்தார்.

பளாரென்று அறை விழுந்தது.

காற்று! தெற்கேயிருந்து கடலையே வாரிக்கொண்டு வந்தது போல. தோளில் கிடந்த துண்டு லாரியைத் தாண்டிப் பறந்தது. அவரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவோடு ஒட்டவைத்தது. டிரைவர் எட்வர்ட் ஜன்னல் வழியாகக் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துண்ணே! ஆடி மாசத்துத் தெக்கத்திக் காத்து. ஆளையே சாய்ச்சுப்புடும்."

குருநாதனுக்கு மூச்சு முட்டியது. "இது... பாலத்து மேலயுமா அடிச்சுச்சு?"

"அங்கன இதுக்கு ரெண்டு மடங்கு. பாலம் ஏறுறதுக்கு முன்னாடி, மண்டபம் ஊருலயே உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டேன். ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், வெயிட்டே இல்லாத வண்டி. நான் லோடோட வாரேன், என்னைய அசைக்காது. அதான் காத்துக்கு மறைப்பா ஒட்டியே வந்தேன். மறைப்பை விட்டு வெலகிராதீங்கன்னுதான் ஆரன் அடிச்சேன். சில ஆளுங்க அதுக்கு ரோசப்பட்டு முன்னால பாஞ்சுருவாங்க, காத்து அள்ளிக்கிட்டுப் போயிரும். பாப்பா தங்கமா ஓட்டுச்சுண்ணே."

குருநாதன் படபடவென்று அடித்த வேட்டியை இரண்டு கையாலும் பிடித்து, மடிப்பை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டார். முப்பது வருஷமாக எந்த வண்டிக்காரனிடமும் தணியாத குரல் தணிந்து வந்தது.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குத் தம்பி பாலம் ஏறுவீங்க? எம் மக மண்டபத்துல வந்து நிப்பா."