இறுக்கி மூடிய டப்பா

ஊரப்பாக்கத்து வீட்டு ஹாலில், கரண்டியால் தட்டைத் தட்டிச் சாப்பாட்டு மணி அடிக்கிறான் ஹரிஹரன். திங்கட்கிழமை நிஜப் பள்ளிக்கூடம். இன்று கடைசி ஒத்திகை. எதையும் மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகவே பழகும் ஆறு வயது மகள் வைஷாலி, மடிப்புக் கலையாத புதுச் சீருடையில் பாயில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொள்கிறாள். அப்பாவும் அம்மா ரேணுகாவும் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்கிறார்கள். உதவக் கை நீளக்கூடாது என்பது வைஷாலி போய்வரும் பயிற்சி மையத்து டீச்சரின் கண்டிப்பு. சின்ன விரல்கள் மூடியில் வழுக்குகின்றன. "டப்பாவ இன்னிக்கு யாரு மூடனது?" ஹரிஹரனின் குரல் பதறுகிறது. "நான்தான். இன்னா இப்போ?" "நான் தெனமும் லூசா மூடி வெப்பேன் ரேணு." "அடப்பாவி! அப்போ இத்தினி நாளா அவளா தொறக்கவே இல்லியா?" எழப்போகும் அவன் கையை ரேணுகா பிடித்து இழுக்கிறாள். வெளியே மின்சார ரயில் கடக்க, ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன. மூடியில் வெயில் நடுங்குகிறது. வைஷாலி டப்பாவை வயிற்றோடு அணைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நகத்தை விளிம்பில் கொடுக்கிறாள். டப்! மூடி தரையில் உருண்டோடிச் சுவரில் மோதிச் சுழல்கிறது. எலுமிச்சை சாத மணம் ஹாலெங்கும் பரவுகிறது. "தொறந்துட்டா! ஏங்க, தொறந்துட்டா!" ரேணுகா கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. வைஷாலி சாப்பிடவில்லை. தவழ்ந்து போய் மூடியை எடுத்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தி மூடுகிறாள். டப்பாவை அப்பாவின் பக்கம் தள்ளுகிறாள். "தொற" என்கிறாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்கிறாள்.