தண்ணீருக்குப் பத்துக்குப் பத்து

“தண்ணிக்குப் பத்துக்குப் பத்து,” என்று சொல்லிக்கொண்டே எழுதியும் விட்டார் உமாசங்கர்.

ஜெயஷீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு பசுமை என்று ஆய்வு செய்து வரிசைப்படுத்தும் குழுவுக்கு அவர் தலைவர். அவள் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்.

உமாசங்கர், சாலைக் கடைத்தெரு அரிசி மண்டிக்காரரின் மகன். யார் சிபாரிசுக்கும் அரை மதிப்பெண் கூட்டிப் போடாதவர். அதனால்தான் அவளுக்கு ஆத்திரமே. நேர்மையான மனிதர், நேர்மையாகவே தப்பாக எடை போடுகிறார்.

தாளில் இருந்த கணக்கு உண்மைதான். மற்ற வளாகங்களில் ஆளுக்குச் செலவாகிற தண்ணீரில் பாதிகூட இந்த வளாகத்தில் செலவாகவில்லை. மீட்டரை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“நம்ம குட்டிகள் ஒரு துள்ளி வெள்ளம் வேஸ்டாக்க மாட்டா, கேட்டோ,” என்றார் பதிவாளர் மாளவிகா, மலையாளம் கலந்த தமிழில். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாக்காத பிள்ளைகள் என்று முகமெல்லாம் பெருமை.

இருந்தால்தானே வீணாக்க! காலையில் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும். அதற்கப்புறம் பெண்கள் கழிப்பறைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். இன்றைக்கு ஆய்வு என்பதால் அதையும் கழுவிப் பூட்டி வைத்திருப்பார்கள்.

இந்தப் பத்து நிலைத்துவிட்டால் அந்த மோட்டாரை இனி ஒருவரும் தொடப்போவதில்லை. வறண்ட குழாய்க்குத்தான் பரிசே கொடுத்தாயிற்றே.

வரும் வழியில் காரிலேயே சொல்லிப் பார்த்தாள். “சார், சிக்கனம் வேற, அடக்கிட்டு உட்கார்ந்திருக்கறது வேற.”

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். “தெரியும் சார்,” என்று மட்டும் சொன்னாள்.

“அவங்க அனுப்பின கணக்கை நீ இல்லேங்கறே. அப்போ நான் கண்ணால பார்க்கணும்மா,” என்று முடித்துவிட்டார்.

பார்க்கட்டும். பதிவாளர் அறையில் ஜெயஷீலா எழுந்து நின்றாள்.

“சார், எனக்கு ஒண்ணுக்குப் போகணும்.”

ஏத்தங்காய் உப்பேரி வறுவல் தட்டோடு வந்த பியூன் தங்கப்பன் பாதி அறையில் நின்றுவிட்டார். மாளவிகா அவசரமாகத் தன் அறைக்குள்ளேயே இருந்த கதவைக் காட்டினார்.

“அது வேண்டாம் மேடம். பிள்ளைங்க போற இடத்துக்கே போறேன். சார், நீங்களும் வாங்க. அந்தக் குழாயும் நாம பார்க்க வேண்டியதுதான்.”

அவள் முன்னால் நடந்தாள். நூலகத்தைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பி, தூண் மறைவில் கதவு. கதவில் பூட்டு.

“தங்கப்பா, சாவி எவிடே?” என்று கேட்டார் மாளவிகா.

சாவியைத் தேடி ஆள் ஓடியது. வகுப்பு முடிந்து வந்த பெண்கள் பையும் கையுமாக நின்று பார்த்தார்கள். ஒருவழியாகப் பூட்டுத் திறந்தது.

உள்ளே தாழ்ப்பாள் இல்லை. ஜெயஷீலா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குழாயைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று வந்தது, வெளியே நின்றவருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் வெளியே வந்தபோது ஒரு வரிசை உருவாகியிருந்தது. முதலில் நின்றவள் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“எந்தா இது? எல்லாரும் கிளாஸுக்குப் போ!” என்றார் மாளவிகா.

ஒருத்தியும் நகரவில்லை. “பூட்டறதுக்கு முன்னாடி போயிட்டு வந்திடறோம், மேடம்,” என்றாள் அந்த முதல் பெண்.

உமாசங்கர் வரிசையின் கடைசியைத் தேடிப் போனார். நூலகத்தைத் தாண்டி, மாடிப்படியில் பாதி இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சுவரில் தாளை வைத்து, பத்தைக் குறுக்கே அடித்தார்.

“முதல்ல மோட்டாரைப் போடச் சொல்லுங்க.”

குழாயில் துருத் தண்ணீர் வந்து, பிறகு தெளிந்தது. வரிசை நகர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள்.

ஜெயஷீலாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

உண்மையில் அவளுக்கு ஒன்றுக்கு வரவே இல்லை. எப்படி வரும்? பொன்முடி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ் பிடித்து இங்கே படிக்க வந்த மூன்று வருடமும் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவளில்லை அவள். இன்றைக்கும், எந்த வளாகம் என்று தெரிந்ததுமே, பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“சேட்டா, குடிக்கத் தண்ணி இருக்கா?”

தங்கப்பன் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.