ஒன்றரை நொடி

"அண்ணி, சொன்னாக் கேளுங்க. இந்தப் பக்கம் வந்துடுங்க. நீங்க டிரைவர் சீட்ல உக்காந்திருக்கிறதைப் பாத்தா அண்ணன் என்னைத்தான் திட்டும்."

மதிவதனி அசையவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் முன்னாடி லாரியில இருக்காரு. ரோட்டைப் பாப்பாரா, என்னைப் பாப்பாரா?"

"கண்ணாடின்னு ஒன்னு இருக்கு அண்ணி."

மஞ்சள் லாரி கிளம்பியது. அதன் பின்னால் சிவப்புக் காரும் நகர்ந்தது. அடி அண்ணாமலையின் கடைசி டீக்கடை மெல்லப் பின்னால் போனது. காலை ஆறரை மணி. வலது பக்கம் மலை, தலையை மேகத்துக்குள் வைத்துக்கொண்டு கூடவே வந்தது.

"வேங்கிக்கால் வரைக்கும்தான் பூஜா. அப்புறம் எப்பவும் கேக்க மாட்டேன்."

நாத்தனாருக்கு அதற்குமேல் அதட்ட மனம் வரவில்லை. கல்லூரி லேபில்தான் மதிவதனிக்கு முதல்முறை ஃபிட்ஸ் வந்தது. இப்போது மூன்று வருடமாக வரவில்லை. ஆனாலும் மாத்திரை உண்டு. லைசென்ஸ் கிடையாது. "அந்த ஆசையை மட்டும் விட்டுடும்மா" என்று டாக்டர் சொன்ன அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"பெல்ட்?"

"போட்டேன் டீச்சர்."

பூஜா சிரித்துவிட்டாள். "சரி, இது என்னது? ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி காது மாதிரி ரெண்டு?"

"பேடில். வலது காதைத் தொட்டா கியர் ஏறும். இடதைத் தொட்டா இறங்கும். கிளட்ச்சே கிடையாது."

"இந்த மாதிரி வண்டியை நீங்க கிட்டத்துல பாத்ததுகூட இல்ல. இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"பிசிக்ஸ் படிச்சுட்டு வீட்ல இருக்கிறவளுக்கு வீடியோதானே பொழுதுபோக்கு. தொட்டுப் பாக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் அண்ணி. இவ்ளோ கிட்ட போறோம். பிரேக் புடிச்சா நேரா அண்ணன் மடியிலதான்."

மதிவதனி தொட்டாள். வலது விரலால், ஒரு பூவைத் தொடுவதுபோல.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அவள் மனதுக்குள் ஒன்றரை எண்ணியபோது, சீட் அவள் முதுகை மெதுவாகத் தள்ளியது. வேகம் கூடியிருந்தது.

"பூஜா! ஏறுச்சு!"

"சும்மா இருங்க அண்ணி."

இடதைத் தொட்டாள். ஒன்று, ஒன்றரை. வேகம் தணிந்தது.

"கேக்குது" என்றாள், யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல.

"கேக்குது சரி, இவ்ளோ லேட்டாவா? இத்தனை லட்சம் போட்டு வாங்கியிருக்காங்க."

"நல்ல வண்டியில கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. இது ஒன்றரை செகண்ட் யோசிக்குது. பாவம், தூக்கக் கலக்கமோ என்னவோ."

ஆக்சிலேட்டரையும் மெல்ல அழுத்திப் பார்த்தாள். அதற்குப் பதில் இல்லை. கால் எவ்வளவு கேட்டும் வண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரலுக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும், அதே ஒன்றரை நொடி கழித்துப் பதில் வந்தது.

தரையை ஒட்டிப் போகும் கார் என்பார்கள். ஆனால் புளிய இலைகள் கண்ணாடியை வருடிவிட்டுப் போயின. உறுமல் எங்கோ தூரத்தில், வேறு யாருடைய கனவிலோ கேட்டது. கிரிவலம் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருந்த சிறுமி கையாட்டினாள். பதிலுக்குக் கையாட்ட ஆசைதான். விரல் பேடிலை விட்டு வரவில்லை.

"எதுக்கு அண்ணி இதுமேல இவ்ளோ ஆசை?"

மதிவதனி ஸ்டீயரிங்கின் மேலிருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"ஃபிட்ஸ் வர்றப்போ என் கையே நான் சொல்றதைக் கேக்காது பூஜா. இவ்ளோ பெரிய வண்டி ஒரு விரல் சொன்னாக் கேக்கும்னு படிச்சேன். ஒரே ஒரு தடவ பாக்கணும்னு தோணுச்சு. உங்க அண்ணன்கிட்டகூடச் சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ஒன்னும் சொல்லல. சிரிச்சாரு."

"அது அப்படித்தான். லாரி ஓட்டிக்கிட்டு லாரி மாதிரியே ஆயிடுச்சு. பேசாம ஓவர்டேக் பண்ணிடுங்க."

"அது மட்டும் நடக்காது" என்றாள் மதிவதனி. இருவரும் சிரித்தார்கள்.

குபேர லிங்கம் வந்தபோது மேகம் விலகி மலை முழுதாகத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் வலது பக்கம் இரண்டு தடவை சேர்த்துத் தட்டினாள். வண்டி குழம்பியது. ஒரு குலுக்கல், ஒரு தயக்கம். பிறகு காற்று ஜன்னலில் விசிலடிக்க, மலை வேகமாகச் சுழன்றது.

"அண்ணி, ஜாஸ்தியாப் போகுது!"

"இன்னும் கொஞ்சம்."

ஈசான்ய லிங்கம் தாண்டியது. வேங்கிக்கால் வந்துவிட்டது. இடது பேடிலை ஒரு தடவை தொட்டாள். பிறகு இன்னொரு தடவை. வண்டி தணிந்து தணிந்து, மெக்கானிக் ஷெட்டின் வாசலில் நின்றது. மதிவதனி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

லாரியிலிருந்து அவள் கணவன் இளவரசன் இறங்கினான். பின்பக்கமாகச் சுற்றி வந்து, தன் ரெக்கவரி லாரியின் மேல் ஏறி, நேற்றே எஞ்சின் நின்றுபோய் அதன் முதுகில் ஏற்றப்பட்டிருந்த அந்தச் சிவப்புக் காரின் நான்கு சக்கரங்களிலும் கட்டியிருந்த சங்கிலிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். பிறகு ஜன்னலில் குனிந்தான். நெற்றியில் வியர்த்திருந்தது.

"ஒன்னொன்னாத் தட்டக் கூடாதா மதி? குபேர லிங்கத்துக்கிட்ட சேந்தாப்ல ரெண்டு தட்டிட்டியே. கண்ணாடியில உன் விரலைப் பாத்துப் பாத்து கியர் மாத்தறேன், என் லாரியில கிளட்ச் இருக்குல்ல?"