செம்பட்டி எந்தப் பக்கம்?

"கடைசி அத்தியாயத்துல இன்னும் ஒரு தப்பு இருக்குப்பா சுருளிவேலு. திருத்திட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வா."

ஆராய்ச்சி மாணவன் தலையாட்டிவிட்டு, டைப் அடித்த தாள்களோடு கிளம்பினான். நாகல் நகர் முக்கில் சைக்கிள் மறையும்வரை பேராசிரியர் பொன்னுத்துரை வாசலிலேயே நின்றார்.

அவர் மனைவி லூர்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளையில்லாத வீட்டுக்கு அவன் வந்துக்கிட்டே இருக்கணும்னு இப்படி இழுத்தடிக்கிறீங்களே, அவன் எப்பத்தான் டாக்டர் பட்டம் வாங்குறது?"

"இப்ப இழுத்தடிக்கிறது நானில்லை, லூர்து. செம்பட்டி திண்டுக்கல்லுக்குக் கிழக்கேன்னு எழுதியிருந்தான். போன வாரமே மேற்குன்னு திருத்திக் கொடுத்தேன். திரும்பவும் கிழக்கேன்னே அடிச்சிட்டு வந்திருக்கான்."

"அம்புட்டு மறதியா அவனுக்கு?"

"அவன் பொறந்து வளர்ந்ததே செம்பட்டியிலதான்."

லூர்தம்மாள் அவன் போன தெருமுக்கை எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கோழி அடிச்சிரவா?"