நடிக்கிற கால்

"இருமினா இழுக்குதா? தும்மினா?" என்று கேட்டாள் வீரம்மா.

"ரெண்டுக்கும் இழுக்குது. சிரிச்சா இழுக்குமான்னுதான் தெரியல. என் உத்தியோகத்துல சிரிக்கிற பழக்கம் இல்ல" என்றார் சபாபதி.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. வீரம்மாவின் புருஷனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. இடுப்பு பிடித்தவர்களும் கால் இழுத்தவர்களும் அவளைத் தேடி வருவார்கள். சபாபதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி என்று சொல்லிக்கொண்டார். வெயிலுக்குக் கட்டிய முண்டாசை வீட்டுக்குள் வந்தும் அவிழ்க்கவில்லை. கையைத் தூக்கினால் அதற்கும் இழுக்கிறதாம்.

பாயில் மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தவரின் இடது காலை அவள் மடக்காமல் மெல்லத் தூக்கினாள். ஒரு முழம் உயர்வதற்குள், நாற்பத்தைந்து வயது மனிதர், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"வலி எங்க ஓடுது?"

"இடுப்புல கிளம்பி, தொடைக்குப் பின்னால இறங்கி, சுண்டு விரல் வரைக்கும் போகுது. சயாட்டிகா."

"என்னது?"

சபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். "இங்கிலீஷ் பேரு. எங்க டிரெசர் சொன்னாரு."

"தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெசரா? என்ன வைத்தியம் பண்ணாரு?"

"பத்து நாள் அசையாமப் படுன்னாரு. படுத்தேன். அதுக்கு முன்னாடி நொண்டிக்கிட்டாவது நடந்தேன், இப்ப அதுவும் போச்சு. அந்த ஆளுக்குத் தெரிஞ்சது மூணே மருந்து. காய்ச்சல்னா கொய்னா. வயித்து வலின்னா பேதி உப்பு. மத்த எல்லாத்துக்கும் ஏச்சு."

"படிச்சவருதானே?"

"தொப்பியும் காற்சட்டையும் படிச்ச மாதிரிதான் இருக்கும். உள்ள சரக்கு இல்ல. இதச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு வறுத்த உப்பைத் துணியில் முடிந்து அவர் இடுப்பில் ஒத்தினாள்.

"அவரு பேச்ச விடுங்க, கிராணி ஐயா. படுத்தே கிடக்கக் கூடாது. படுக்கிறப்ப ஒருக்களிச்சு, ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலையணை வைங்க. எழும்பறப்ப பக்கமாத் திரும்பி, கைய ஊனி எழும்புங்க. தெனமும் கொஞ்சம் நடங்க, வலி கூடறதுக்குள்ள திரும்பிடுங்க. அரை மணிக்கு மேல நாற்காலியில உக்காராதீங்க."

"நாற்காலிய எடுத்துட்டா எனக்கு ஏது மரியாதை?"

"கால் சுத்தமா மரத்துப் போனாலோ, நீர் பிரியாம நின்னாலோ என்கிட்ட வராதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

"ஓடற கால் இருந்தா இங்க ஏன் வரேன்? இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"பாதி ரயில்வே டாக்டரு சொன்னாரு. மீதி என் கால் சொல்லுச்சு."

சபாபதி கொஞ்சம் தயங்கினார். "வீரம்மா, நாளைக்கு என்னால நடக்க முடியுமா?"

அதற்காகத்தான் அவர் வந்ததே. நாளைக் காலையில் தோட்டத்துக்குப் புது துரை வருகிறார். எல்லா லயத்தையும் அவருக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். நொண்டுகிற ஆளை வைத்துக்கொள்ளும் துரை எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்?

"வேலை போச்சுன்னா மூணு பொண்ணுங்களோட நடுத்தெருவுலதான் நிக்கணும்" என்றார். இதைச் சொல்லும்போது அவரிடம் கேலி எதுவும் இல்லை.

"நானும் நின்னிருக்கேன்" என்றாள் வீரம்மா. "ரப்பர் மரத்துல பால் வெட்டின காலம். தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் பால் வாளி. ஒருநாள் இடுப்புல பிடிச்சு, இதே மாதிரி கால்ல இறங்கிடுச்சு. மூணு தடவ தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்க டிரெசரு மூணு தடவையும் சீட்டுல ஒரே வார்த்தைதான் எழுதினாரு, நடிப்புன்னு. காலையில பேர் கூப்பிடற எடத்துல அத எல்லாருக்கும் படிச்சுக் காட்டி கங்காணி சிரிச்சாரு. நாலாவது வாரம் என் பேர வெட்டிட்டாங்க."

சபாபதி கூரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "எந்தத் தோட்டம்?"

"எதுவா இருந்தா என்ன? உங்களுக்கு வாய்ச்ச மாதிரிதான் எனக்கும் ஒரு டிரெசர் வாய்ச்சாரு."

"அந்தப் பாவி முகத்துல முழிக்கிறதே பாவம்."

"அவரு எங்க என் முகத்தப் பார்த்தாரு? காகிதத்தப் பார்த்துக்கிட்டே 'அடுத்த ஆளு'ன்னு கூப்பிடுவாரு."

சபாபதி அவள் சொன்னபடியே பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுந்தார். ஆச்சரியம், அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார்.

"நாளைக்குத் துரை முன்னால எப்படி நடந்தா நொண்டறது தெரியாது?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"மறைக்காதீங்க. வலிக்குதுன்னு சொல்லுங்க."

"அவரு நம்பலன்னா?"

வீரம்மா உப்பு முடிச்சைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"ராத்திரி இத சூடு காட்டி ஒத்துங்க. ஸ்டேஷன்ல கிள்ளான் ரயிலுக்குக் காத்திருக்காதீங்க, நம்ம தோட்டத்துக்குக் காஜாங் ரயிலுதான். ஏறும்போது நல்ல கால முதல்ல வைங்க, டிரெசர் ஐயா" என்றாள்.

அப்போதுதான் சபாபதி முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.