ஏற்கிறேனா, ஏற்பேனா?

தேவாலயத் தூணுக்குப் பின்னால் ஆம்புரோஸ் ஜில்லியனின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்ததை உர்சுலா பார்த்துவிட்டாள். ஜில்லியன் உர்சுலாவின் வீட்டு வேலைக்காரி. இன்னும் சற்று நேரத்தில் ஆம்புரோஸுக்கு எதிராக உர்சுலாவின் பக்கம் சாட்சி சொல்லப் போகிறவள்.

"அடப்பாவி! என் வீட்டு ஆளையே விலைக்கு வாங்கப் பாக்குறானே!" என்று உர்சுலா பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடை ரால்ஃபிடம் பொருமினாள்.

"பதறாதேம்மா. ஏழு வருஷம் உன் உப்பைத் தின்னவ. மாத்திச் சொல்லமாட்டா."

உர்சுலா வயிற்றைத் தடவிக்கொண்டாள். ஐந்தாவது மாதம். வழக்கில் தோற்றால் குழந்தைக்கு அப்பன் பெயர் கிடையாது. அவளோ வெள்ளைத் துணி போர்த்தி, கையில் மெழுகுவர்த்தியோடு, ஞாயிற்றுக்கிழமை நார்விச் நகரமே வேடிக்கை பார்க்க நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். விதவையின் மானம் என்றால் ஊருக்கு அவ்வளவு இளக்காரம்!

அப்படி என்ன தப்புச் செய்துவிட்டாள்? கொள்ளைநோயில் புருஷன் போனபிறகு சாயப்பட்டறையை ஒண்டியாக நடத்தினாள். சாயம் போடத் துணி கொண்டுவரும் ஆம்புரோஸ் மே மாதத்தில் அவள் வீட்டுக் கூடத்தில் கைப்பிடித்து வார்த்தை கொடுத்தான். பாதிரியாரும் இல்லை, மணியோசையும் இல்லை. அதனால் என்ன, இரண்டு சாட்சிகள் முன்னால் சொன்னால் கல்யாணம் கல்யாணம்தான். ரால்ஃப் ஒரு சாட்சி, ஜில்லியன் ஒரு சாட்சி.

அன்றைக்கு ஜில்லியன் தேம்பித் தேம்பி அழுதாள். இந்தப் பெண்ணுக்கு என்மேல் எத்தனை பாசம் என்று உர்சுலாவுக்கு மனசு இளகிப்போயிற்று.

அந்த ஆம்புரோஸ்தான் இப்போது நகரசபைப் பெரியவரின் மகளைக் கட்டப் போகிறானாம்! தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பை வாசித்தபோது உர்சுலா எழுந்து நின்று, "அவன் என் புருஷன்!" என்று கத்திவிட்டாள். விவகாரம் தேவாலயத்திலேயே கூடும் திருச்சபை நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது.

நீதிபதி தொண்டையைச் செருமினார். "வழக்கு ஒரே வார்த்தையிலதான் நிக்குது. 'உன்னை மனைவியா ஏத்துக்கறேன்'னு சொல்லியிருந்தா, அந்த நிமிஷமே கல்யாணம். 'ஏத்துக்குவேன்'னு சொல்லியிருந்தா, வெறும் பேச்சு. நீர் என்ன சொன்னீர்?"

"'ஏத்துக்குவேன்'னுதான் சொன்னேன் ஐயா. என்னைக்காவது பாத்துக்கலாம்னு," என்றான் ஆம்புரோஸ் கூசாமல். "வயித்துல இருக்கறது யாருதோ, எனக்குத் தெரியாது."

உர்சுலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எத்தனை ராத்திரி இந்த வாயால் கொஞ்சியிருப்பான்! "ஐயா, நான் சொல்றது நிஜமாயிட்டா, இவன் வேற எவளைக் கட்டினாலும் செல்லாதில்ல?"

"செல்லாது. முதல்ல யார்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னாரோ அவதான் மனைவி. பின்னால வர்றவ யாரா இருந்தாலும் மனைவி இல்ல."

"கேட்டுக்கடா நல்லா!" என்றாள் உர்சுலா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ரால்ஃப் சுருக்கமாக முடித்துவிட்டார். "'ஏத்துக்கறேன்'னுதான் சொன்னான். என் காது இன்னும் கெட்டுப்போகல."

"ஒரு சாட்சி போதாது. அடுத்து, ஜில்லியன்."

ஆம்புரோஸ் துள்ளி எழுந்தான். "ஐயா, பாத்திரம் கழுவுறவ பேச்சையெல்லாமா சபை கேக்கணும்?"

உர்சுலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவன் இப்படிப் பதறினால், பேரம் படியவில்லை என்றுதானே அர்த்தம்! பாவம், இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே.

"உக்காரும்!" என்றார் நீதிபதி.

ஜில்லியன் பைபிள்மேல் கை வைத்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சத்தியமாச் சொல்றேன் ஐயா. 'ஏத்துக்கறேன்'னுதான் சொன்னாரு."

"அம்மாடி!" என்று உர்சுலா வாய்விட்டு அழுதுவிட்டாள். ரால்ஃப் அவள் தோளைத் தட்டினார். ஆம்புரோஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கட்டும், நன்றாகப் பிடிக்கட்டும்!

நீதிபதி இறகுப்பேனாவை மையில் தோய்த்தவர், எழுதாமல் நிறுத்தினார். "கொஞ்சம் இரு பொண்ணே. ரெண்டும் கேக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். அந்த வார்த்தைதான்னு உனக்கு எப்படி இவ்வளவு உறுதியாத் தெரியும்?"

ஜில்லியன் முதல் தடவையாக எஜமானியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"மறக்குமா ஐயா? மூணு வருஷம் முன்னாடி, எங்கிட்டயும் அதையேதானே சொன்னாரு."